வாக்குச்சாவடியும் சோதனைச்சாவடியும்

'அனுதாப அலை' என்ற சொல்லை முதலில் கையில் எடுத்துக்கொள்வோம். 1991 தேர்தலைப் பற்றி யாரிடம் கேட்டாலும், டீக்கடையில் கேட்டாலும் பல்கலைக்கழகத்தில் கேட்டாலும், பதில் இந்த இரண்டு சொல்லில் முடிந்துவிடுகிறது. மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார், அனுதாப அலை அடித்தது, அ.தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணி சட்டமன்றத்தில் 234-க்கு 225 இடங்களையும் மக்களவையில் 39-க்கு 39-ஐயும் அள்ளிக்கொண்டு போனது, தி.மு.க.வுக்கு இரண்டே இரண்டு இடம். கதை முடிந்தது. அலை என்று சொன்ன பிறகு யாரும் மேற்கொண்டு ஆராய்வதில்லை. அது இயற்கை, வரும், அடிக்கும், போகும்.

அலை என்றால் தண்ணீர் ஏற வேண்டும். 1991-இல் இறங்கியிருக்கிறது. 1989 நவம்பரில் மக்களவைக்கு மட்டும் தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டில் வாக்களித்தவர்கள் 66.86 விழுக்காடு. 1991 ஜூனில், சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் சேர்த்து ஓட்டு, ஒரு முன்னாள் பிரதமர் நம் மண்ணில் வெடித்துச் சிதறி ஒரு மாதம்கூட ஆகவில்லை, வந்தவர்கள் 63.92 விழுக்காடு. அதற்குமுன் 1967 வரை பின்னோக்கிப் போனாலும் தமிழ்நாட்டின் மக்களவைத் தேர்தல்களில் இவ்வளவு குறைந்ததில்லை. தேசம் முழுக்க எடுத்தாலும் அதே கதைதான்: 1989-இல் ஏறத்தாழ 62; 1991-இல் 57-ஐத் தொடவில்லை. பதினெட்டு வயதுக்காரர்களைப் புதிதாகச் சேர்த்ததால் விழுக்காடு குறைந்தது என்று ஒரு நண்பர் சமாதானம் சொன்னார். அவர்கள் 1989 நவம்பரிலேயே பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள். அந்தச் சமாதானம் செல்லாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதையும் யாரும் பேசுவதில்லை. 1989 நவம்பரில் குண்டும் இல்லை, அனுதாபமும் இல்லை. அப்போதே காங்கிரஸ்-அ.தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டில் 38 இடங்களை வென்றிருந்தது, தி.மு.க.வுக்குச் சுழி, நாகப்பட்டினத்தில் இந்தியக் கம்யூனிஸ்டு ஒருவர் மட்டும் தப்பினார். ஆக, 'வரலாறு காணாத' 1991 அலை மக்களவைக்குக் கூடுதலாகக் கொண்டுவந்த இடம் ஒன்று. சட்டமன்றத்தையும் பாருங்கள். 1989 ஜனவரியில் தி.மு.க. 33 விழுக்காடு வாங்கி ஆட்சியைப் பிடித்தது எப்படி? எதிரிகள் மூன்றாக உடைந்து நின்றதால். ஜெயலலிதா அணி 21, ஜானகி அணி 9, காங்கிரஸ் ஏறத்தாழ 20. இந்த மூன்றையும் கூட்டினால் பாதி வாக்கு. 1991-இல் இவர்கள் ஒன்றாக நின்றார்கள். ஸ்ரீபெரும்புதூர் நடக்காவிட்டாலும் ஜெயலலிதாதான் முதலமைச்சர். இதைச் சொல்லச் சோதிடம் வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும். கூட்டணியின் பங்கு அறுபதை ஒட்டி ஏறியது உண்மைதான். ஆனால் அது வந்தவர்களில் அறுபது. வராதவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தி.மு.க.வின் மொத்த வாக்கு ஏறத்தாழ 80 லட்சத்திலிருந்து 55 லட்சமாகச் சரிந்தது. அதில் ஒரு பகுதி வட மாவட்டங்களில் பா.ம.க.வுக்குப் போயிருக்கும், ஒரு பகுதி எதிர்ப்பக்கம் போயிருக்கும், போட்டியிட்ட தொகுதிகள் குறைந்ததும் ஒரு காரணம். மிச்சம் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டது என்பது என் வாசிப்பு.

அப்படியானால் தேசப் பாதுகாப்பு என்கிற பேச்சு அந்தத் தேர்தலில் செய்த காரியம் என்ன? ஆட்களை அது கூட்டி வரவில்லை. ஏற்கெனவே கூட்டணிக் கணக்கில் தயாராக இருந்த ஒரு முடிவுக்கு அது பெயர் வைத்தது. பெயர் வைத்த பிறகு அந்த முடிவு வேறு பொருள் கொண்டது. 'தமிழ்நாட்டு மக்கள் பயங்கரவாதத்துக்கு எதிராக வாக்களித்தார்கள்' என்று ஒரு வாக்கியம் பிறந்தது. தடா சட்டத்தின் தாராளப் பிரயோகம், அகதிகளைப் பிடித்து அடைத்த சிறப்பு முகாம்கள், 1992-இல் தொடங்கிய திருப்பி அனுப்புதல் எல்லாமே இந்த வாக்கியத்தின் மேல் நின்றுகொண்டு செய்யப்பட்டவை. செங்கல்பட்டுச் சிறப்பு முகாம் எங்கள் ஊரிலிருந்து ரயிலில் நான்காவது ஸ்டேஷன்.

*

'இடைக்காலத் தேர்தல்' என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. அமெரிக்கர்களுக்கு அது நாள்காட்டியில் குறித்து வைத்த சடங்கு. அதிபர் பதவிக்காலத்தின் நடுவே, நவம்பரில், தவறாமல் வரும். நமக்கு அது விபத்து. ஓர் ஆட்சி கவிழ வேண்டும் அல்லது கவிழ்க்கப்பட வேண்டும். எனவே அமெரிக்க ஆய்வாளர்கள் கேட்கிற கேள்வியை, பாதுகாப்பு அச்சம் இடைக்காலத் தேர்தலில் வாக்காளரை வரவழைக்கிறதா என்பதை, அப்படியே இங்கே இறக்குமதி செய்ய முடியாது. அங்கே தேர்தல் முன்பே இருக்கிறது, அச்சம் பிறகு வந்து சேர்கிறது. இங்கே பாதுகாப்புப் பேச்சுதான் தேர்தலையே உண்டாக்குகிறது. தொண்ணூறுகளில் தமிழ்நாடு கண்ட மூன்று இடைக்காலத் தேர்தல்களையும் வரிசையாகப் பார்த்தால் இது தெரியும்.

1991 ஜனவரி 30. கருணாநிதி அரசு கலைக்கப்படுகிறது. காரணம்: விடுதலைப் புலிகளின் நடமாட்டம், அதாவது தேசப் பாதுகாப்பு. முந்தைய ஆண்டு ஜூனில் கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டிருந்தார்கள். கேள்வி கேட்க வேண்டிய விஷயம்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா கலைப்புக்கு அறிக்கை தர மறுத்துவிட்டார். அரசியல் சட்டத்தின் 356-ஆம் பிரிவில் ஆளுநரின் அறிக்கையிலிருந்தோ 'வேறு வகையிலோ' குடியரசுத் தலைவர் நிறைவடைந்தால் போதும் என்று இருக்கிறது. அந்த 'வேறு வகையிலோ'-வைப் பிடித்துக்கொண்டு, காங்கிரஸ் தயவில் ஓடிக்கொண்டிருந்த சந்திரசேகர் அரசு காரியத்தை முடித்தது. கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன், தமிழர். ஐந்தே வாரத்தில் அதே காங்கிரஸ் சந்திரசேகரையும் கைவிட்டது. இதே கட்சியின் ஆட்சி 1976 ஜனவரி 31-இலும் கலைக்கப்பட்டது. அப்போது உள்நாட்டுப் பாதுகாப்பு, மிசா. பதினைந்து வருடம், ஒரு நாள் வித்தியாசம்.

1997 நவம்பர். ராஜீவ் கொலையின் பின்னணியை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை பத்திரிகையில் கசிகிறது. தி.மு.க. மேல் அது விரல் நீட்டுகிறது. தி.மு.க. அமைச்சர்களை வெளியேற்று என்கிறது காங்கிரஸ். குஜ்ரால் மறுக்கிறார். ஆட்சி கவிழ்கிறது. 1998 பிப்ரவரியில் தேர்தல். (ஆறே ஆண்டு கழித்து 2004-இல் இதே காங்கிரஸ் இதே தி.மு.க.வுடன் கைகோத்து நாற்பதுக்கு நாற்பது வாங்கியது. ஜெயின் கமிஷன் பக்கங்கள் அப்போது எந்தப் பரணில் இருந்தன என்று கேட்கத் தோன்றுகிறது.) 1999 ஏப்ரல். வாஜ்பாய் அரசுக்கான ஆதரவை ஜெயலலிதா விலக்கிக்கொள்கிறார். வெளியே சொன்ன கோரிக்கைகளில் ஒன்று, பதவி நீக்கப்பட்ட கடற்படைத் தளபதி விஷ்ணு பகவத்தை மீண்டும் அமர்த்த வேண்டும் என்பது. உள்ளே இருந்தது வழக்குகள் என்று ஊரே பேசியது. பேசட்டும். ஆட்சியைக் கவிழ்க்கக் கடற்படைத் தளபதியின் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் இங்கே எனக்கு வேண்டிய செய்தி.

மூன்று தடவையும் தேசத்தின் பெயரால் தேர்தல் வந்தது. மூன்று தடவையும் தமிழ்நாட்டு வாக்காளர் என்ன செய்தார்?

1991-ஐச் சொன்னேன். 1998-இல் 57.95. 1999-இல் 57.98. மக்களவைக்கு மட்டும் நடந்த தேர்தல், அதனால் கூட்டம் இல்லை என்பார்கள். 1980 ஜனவரியிலும் 1989 நவம்பரிலும் மக்களவைக்கு மட்டும்தான் நடந்தது. இரண்டிலும் 67-ஐ ஒட்டி வந்திருக்கிறார்கள். அடிக்கடி தேர்தல், சலிப்பு என்பார்கள். சலிப்பு எல்லோருக்கும் பொதுதானே? 1996-இல் ஏறத்தாழ 58 ஆக இருந்த இந்திய விழுக்காடு 1998-இல் ஏறத்தாழ 62 ஆக ஏறியது. அதே இரண்டு வருடத்தில் தமிழ்நாடு 67-இலிருந்து 58-க்கு இறங்கியது. தேசம் ஏறுகிறபோது நாம் இறங்குகிறோம். பாதுகாப்பைக் காரணமாகச் சொல்லி நடத்தப்பட்ட ஒரு தேர்தலில், பாதுகாப்புக்கு ஆபத்து என்று யாரைச் சுட்டினார்களோ அவர்களுடைய ஊரில் மட்டும் தண்ணீர் வற்றுகிறது. இடையில் 1996-இல் மறுபடி 67 தொட்டதே, அப்போது பேசுபொருள் என்ன? ஊழல், வளர்ப்பு மகன் திருமணம். ஜனங்கள் தங்கள் சொந்த வழக்கைப் பேச வந்தார்கள்.

கார்கிலை இதோடு வைத்துப் பாருங்கள். 1999 மே முதல் ஜூலை வரை சண்டை. திருச்சியின் மேஜர் சரவணன் படாலிக்கில் இறந்தார், ஊரில் நினைவுச்சின்னம் எழுந்தது, தொலைக்காட்சியில் முதல்முறையாக யுத்தம் வரவேற்பறைக்கு வந்தது. இரண்டே மாதத்தில் தேர்தல். தமிழ்நாட்டின் வாக்குப்பதிவு கூடிய அளவு நூற்றில் மூன்று பைசா. அகில இந்திய விழுக்காடோ இரண்டு புள்ளி குறைந்தது. யுத்தம் ஜனங்களை வாக்குச்சாவடிக்கு இழுத்துவரும் என்று எழுதுகிறவர்கள் இந்த மூன்று பைசாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

*

எதிர் உதாரணம் ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போக முடியாது. 1984. இந்திரா காந்தி கொல்லப்பட்டு எட்டே வாரத்தில் தேர்தல். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 73 விழுக்காடு; நாடு முழுக்க 64, அதுவரை இல்லாத உச்சம், 2014 வரை அதை யாரும் முறியடிக்கவில்லை. அப்படியானால் கொலையும் அச்சமும் ஆளைக் கூட்டத்தானே செய்கின்றன?

எதிரி எங்கே இருக்கிறான் என்று கேட்டால் விஷயம் தெளிகிறது. 1984-இல் தமிழ்நாட்டு வாக்காளருக்கு எதிரி பஞ்சாபில் இருந்தான், டில்லியில் ஒரு டர்பனுக்குக் கீழே இருந்தான். இங்கே துக்கம் மட்டும்தான். போதாததற்கு எம்.ஜி.ஆர். புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார். கோயில் கோயிலாகக் காவடி. அழுதுகொண்டே போய் ஓட்டுப் போடலாம், யாரும் உன்னைச் சந்தேகிக்கப்போவதில்லை. அதே டிசம்பரில் பஞ்சாபில் என்ன விழுக்காடு? தேர்தலே கிடையாது. எதிரி இருப்பதாகச் சொல்லப்பட்ட இடத்தில் வாக்குப்பெட்டியை இறக்கவேயில்லை. லோங்கோவால் ஒப்பந்தம் ஆன பிறகு 1985 செப்டம்பரில் நடத்தியபோது மூன்றில் இரண்டு பங்குப்பேர் வந்து போட்டார்கள். பிறகு 1991 ஜூனில், இருபதுக்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் கொல்லப்பட்ட நிலையில், வாக்குப்பதிவுக்கு முதல்நாள் சேஷன் தேர்தலைத் தள்ளிவைத்தார். 1992 பிப்ரவரியில் ராணுவம் சூழ நடந்த தேர்தலில் வந்தவர்கள் 24 விழுக்காடு. காங்கிரசுக்கு 117-இல் 87. காஷ்மீரில் 1989 நவம்பரில் பாராமுல்லாவும் அனந்தநாக்கும் ஐந்து விழுக்காடு சொச்சம். அந்த ஐந்தை வைத்துத்தான் இரண்டு பேர் மக்களவையில் போய் உட்கார்ந்தார்கள்.

1991 தமிழ்நாடு பஞ்சாப் அல்ல. இங்கே யாரும் புறக்கணிப்புக்கு அழைக்கவில்லை, வாக்காளரைச் சுடுவேன் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 1984-உம் அல்ல. கொன்றவள் தமிழச்சி. கொலை நடந்தது நம் மண். கொன்றவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர், படம் எடுத்தவர், பேட்டரி வாங்கித் தந்தவர் என்று புலனாய்வுக் குழுவின் வலை தெருத்தெருவாக விரிந்துகொண்டிருந்த நாட்களில் ஓட்டுப்பதிவு. தமிழ் பேசுவதே ஓர் அரைச் சாட்சியம் போல ஆகியிருந்த மாதம் அது. பாதுகாப்பு என்ற சொல்லின் விரல் இப்போது வெளியே நீளவில்லை, வரிசையில் நிற்கிறவனையே காட்டுகிறது. வரிசை குட்டையானதில் என்ன ஆச்சரியம்?

எனக்கு அப்போது இரண்டு வயது. எதையும் பார்த்த சாட்சி நான் இல்லை. காட்டாங்குளத்தூரில் வளர்ந்தவனுக்கு ஸ்ரீபெரும்புதூர் அயலூர் அல்ல. சிங்கப்பெருமாள் கோயில் போய் ஒரகடம் வழியாகத் திரும்பினால் ஒரு மணி நேரம். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துத் தி.மு.க. கிளைச் செயலாளர் ஒருவர் இருக்கிறார், எழுபது தாண்டியவர். அவரிடம் அந்த ஜூன் மாதத்தைப் பற்றிக் கேட்டேன். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேசினார்:

"கொடிக்கம்பத்த அன்னிக்கி ராத்திரியே வெட்டிட்டானுங்க. கல்வெட்டயும் ஒடச்சிட்டானுங்க. நானு பதினஞ்சு நாளு மச்சான் வூட்ல கெடந்தேன். ஓட்டு அன்னிக்கித்தான் ஊருக்கு வந்தேன். பூத்து ஏஜெண்டா குந்த ஆளு கெடைக்கல. எங்க வூட்டுப் பொம்பளைங்க வரவே இல்ல. 'போனா என்னா கேப்பாங்களோ'ன்னு ஒரு இது. போலீசு என்னாத்த கேக்கப்போவுது? ஒண்ணும் கேக்கல. ஆனா கேக்குற மாதிரியே நின்னுக்கினு இருந்தான்."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காக ஃபூக்கோவின் பாதிப் புத்தகத்தைக் கொடுத்துவிடலாம். கேள்வி கேட்கப்படவில்லை. கேட்கப்படக்கூடும் என்கிற இருப்பு மட்டும் இருந்தது. கட்சிக்காரர் போனார், ஏனென்றால் போகாவிட்டால் அதுவும் ஒரு பதில் ஆகிவிடும். பெண்கள் போகவில்லை. அவர்களுக்குக் கட்சி அட்டை கிடையாது, இழக்கவோ காக்கவோ ஒரு கௌரவம் அந்த இடத்தில் இல்லை. சும்மா இருப்பதே பத்திரம். விழுக்காட்டில் குறைந்த அந்த மூன்று புள்ளி இப்படித்தான் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன், சத்தமில்லாமல், வீட்டுக்கு ஒன்று இரண்டாக.

*

தமிழில் ஓட்டுப் போடும் இடமும் சாவடி, வண்டியை மறித்துச் சோதிக்கும் இடமும் சாவடி. இதை ஒரு சிலேடையாகச் சொல்லவில்லை. ஊர்ச் சாவடி என்பது கணக்கர் உட்கார்ந்து வரி வாங்கிய இடம், வழிப்போக்கர் படுத்த இடம், தப்புச் செய்தவனைக் கட்டி வைத்த இடம். மூன்றும் ஒரே கூரை. கிராமங்களில் சாவடித் திண்ணையில் சேரிக்காரர் ஏற முடியாது. குடியரசு வந்த பிறகு அதே சொல்லை எடுத்து வாக்குக்கு முன்னால் ஒட்டினோம்; வாக்குச்சாவடியும் பெரும்பாலும் ஊர்த் தெருப் பள்ளிக்கூடத்தில்தான் அமைந்தது. சேரியிலிருந்து ஊர்த்தெருவுக்கு நடந்து வருவதுதான் பலருக்கு ஓட்டு. சாதாரண நாளிலேயே சுலபமில்லாத அந்த நடை, 'பதற்றமான சாவடி' என்று ஒரு முத்திரையும் துணை ராணுவத்தின் கொடி அணிவகுப்பும் சேரும்போது என்ன ஆகும்? பாதுகாப்புக்கு ஆள் போட்டிருக்கிறோம் என்கிறது அரசு. யாருடைய பாதுகாப்பு என்பது உடம்புக்குத் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் தேர்தலைப் பத்தாண்டுக் காலம், 2006 வரை, நடத்தவிடாமல் செய்தார்கள். மேலவளவில் 1997-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரையே வெட்டிக் கொன்றார்கள். அரசியல் சட்டம் ஒரு கிராமத்துக்குள் நுழைய முடியாமல் பத்து வருடம் வெளியே நின்றது. இதைத் தேசத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று எந்தக் கமிஷனும் எழுதவில்லை. எந்த ஆட்சியும் இதற்காகக் கலைக்கப்படவில்லை. எந்தப் பயம் தேசத்தின் பயம், எந்தப் பயம் வெறும் 'உள்ளூர்ப் பிரச்சினை' என்பதைத் தீர்மானிக்கிற இடம் வேறெங்கோ இருக்கிறது.

1998 கோவை இதே சாவடியின் இன்னொரு வாசல். 1997 நவம்பரில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பதினெட்டு முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14-இல் தொடர் குண்டுகள், 58 உயிர்கள். சில நாட்களில் வாக்குப்பதிவு. கோட்டைமேட்டைச் சுற்றிப் போலீஸ் சோதனைச்சாவடிகள் முன்பே இருந்தன. வீட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் போய்வரவே பையைத் திறந்து காட்ட வேண்டும். அந்தத் தெருக்காரர் வாக்குச்சாவடிக்குப் போக முதலில் மற்றச் சாவடியைக் கடக்க வேண்டும். பா.ஜ.க. லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் கோவையை வென்றது. இதற்கும் 'அலை' என்றுதான் எழுதினார்கள்.

இரண்டு சாவடியும் உண்மையாகவே ஒரே இடமாகிப்போன கதை இலங்கையுடையது. 2000 அக்டோபரில் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் ஒரே வருடத்தில் கலைக்கப்பட்டு 2001 டிசம்பர் 5-இல் இடைக்காலத் தேர்தல். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் வாக்களிப்பு நிலையம் வைக்க முடியாது என்று, அந்த மக்கள் எல்லை தாண்டி அரசுப் பகுதிக்கு வந்து வாக்களிக்கக் கொத்தணி நிலையங்கள் ஏற்பாடாகியிருந்தன. வாக்களிப்பு நாளன்று ராணுவம் கடவைகளை மூடிவிட்டது. காரணம்: பாதுகாப்பு. வன்னியிலும் மட்டக்களப்பிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ் வாக்காளர் வாக்குச்சீட்டைப் பார்க்கவேயில்லை. அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2003-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது அந்தத் தேர்தல் முடிந்து ஒன்றரை வருடத்தை நெருங்கிவிட்டது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும், நம்மில் பலர் சொல்லத் தயங்குகிறோம். 2005 நவம்பர் அதிபர் தேர்தலில் கடவையை மூட ராணுவம் தேவைப்படவில்லை. புலிகள் மூடினார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 விழுக்காடு. மகிந்த ராஜபக்ச நாடு முழுவதிலும் ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். யாழ்ப்பாணத்தில் மட்டும் ஏழு லட்சம் பேர் பட்டியலில் இருந்தார்கள். ஒரு பக்கம் தேசத்தின் பாதுகாப்பு, மறுபக்கம் தேசிய விடுதலையின் பாதுகாப்பு. மூடின சாவடியின் முன்னால் நின்ற சனத்துக்கு இரண்டும் ஒரே தடிதான். 2009-இல் நடந்ததைப் பிறகு எல்லோரும் பார்த்தோம். இதற்கும் முன்னே, 1994-இல், யாழ்ப்பாணத்தில் பதிவானது இரண்டு விழுக்காடு சொச்சம்; தீவுப் பகுதியின் சுமார் பத்தாயிரம் வாக்குகளில் ஈ.பி.டி.பி. ஒன்பது நாடாளுமன்ற இடங்களை எடுத்துக்கொண்டது. குறைந்த விழுக்காடு யாருக்காவது எப்போதும் லாபம்.

*

அமெரிக்க உதாரணம் வேண்டும் என்கிறவர்களுக்கு: இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு வந்த முதல் இடைக்காலத் தேர்தல் 2002-இல். நாடு முழுக்கக் கொடி, ஈராக்குக்குப் படை கிளம்பும் பேச்சு. அதிபரின் கட்சி இரண்டு அவைகளிலும் இடங்களைக் கூட்டிக்கொண்டது. இடைக்காலத் தேர்தலில் அது அபூர்வம். வாக்களித்தவர்களோ தகுதியுள்ளவர்களில் பத்துக்கு நான்கு பேர், 1998-ஐவிட ஓரிரு புள்ளி கூடுதல், அவ்வளவே. வாக்குப்பதிவு ஐம்பதைத் தொட 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது வாக்குவாதம் மருத்துவக் காப்பீடு பற்றியும் டிரம்ப் பற்றியும். கூடாரத்துக்குள் யார் உட்கார்வது என்பதைப் பாதுகாப்புப் பேச்சு மாற்றுகிறது. கூடாரத்தைப் பெரிதாக்குவதில்லை.

விழுக்காடு என்கிற பண்டத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஃபூக்கோ 1978 சொற்பொழிவுகளில், பாதுகாப்பு என்கிற அதிகார முறை தனிமனிதனைப் பார்ப்பதில்லை, மக்கள்தொகையைப் பார்க்கிறது, சராசரியைப் பார்க்கிறது என்றார். வாக்குப்பதிவு விழுக்காடு அப்படி ஒரு சராசரி. மாலை ஐந்து மணிக்கு அதை அறிவிக்கும்போது 'அமைதியாக நடந்தது' என்ற சொற்றொடரும் கூடவே வரும். விழுக்காடு உயர்ந்தால் தேசம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் விழுக்காட்டுக்கு மேலே ஓர் எண், கீழே ஓர் எண். வந்தவர் தொகையைக் கூட்டினாலும் அது உயரும், பட்டியலில் இருப்பவர் தொகையைக் குறைத்தாலும் உயரும். 2009-க்குப் பிறகு தமிழ்நாட்டில் எழுபதைத் தாண்டிய விழுக்காடுகளை நான் இந்தக் கட்டுரைக்குள் கொண்டுவராததற்கு இதுவும் ஒரு காரணம். திருமங்கலத்து உறையும் புகைப்படப் பட்டியலும் கலந்துவிட்ட எண்களை அனுதாபம், அச்சம் என்று பிரித்தெடுப்பது கஷ்டம்.

பட்டியல் என்றதும் நம்மவர்கள் உத்திரமேரூருக்கு ஓடுவார்கள். எங்கள் பக்கத்துக் கல்வெட்டுதான், பராந்தகன் காலம், 919, 921. 'குடவோலை, ஜனநாயகத்தின் தொட்டில்' என்று மேடைக்கு மேடை கேட்டுக் காது புளித்துவிட்டது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் அதைப் பாடமாகப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு: அந்தக் கல்வெட்டின் பெரும்பகுதி யார் பெயர் குடத்துக்குள் போகக் கூடாது என்பதைப் பற்றியது. நிலம் இல்லாதவன் கூடாது, வேதம் அறியாதவன் கூடாது, கணக்குக் காட்டாதவன் கூடாது, அவன் அத்தை மகன் மாமன் மகன்வரை கூடாது. ஒரு பிரமதேயச் சபையின் தற்காப்பு ஆவணம் அது. கல்லில் வெட்டிய பட்டியல் நீக்கம்.

2025 ஜூனில் தேர்தல் ஆணையம் பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை அறிவித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, பட்டியலில் அந்நிய ஊடுருவல்காரர்கள் இருக்கிறார்கள் என்பது. அங்கே வரைவுப் பட்டியலிலிருந்து 65 லட்சம் பெயர்கள் போயின. நவம்பரில் தேர்தல் நடந்தது. பீகாரின் வரலாற்றிலேயே உச்சமான வாக்குப்பதிவு என்று அறிவிப்பு, 66 விழுக்காட்டுக்கும் மேல். எவ்வளவு ஆள் கூடியதால், எவ்வளவு பட்டியல் சுருங்கியதால் என்று பிரித்துச் சொல்ல எந்தத் தொலைக்காட்சிக்கும் அவகாசம் இல்லை. அதே நவம்பரில் தமிழ்நாட்டிலும் திருத்தம் தொடங்கியது. டிசம்பரில் வந்த வரைவில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. செத்தவர், இடம் பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்று விளக்கம். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் இடம் பெயராதவர் யார்? மறைமலை நகரும் ஒரகடமும் இடம்பெயர்ந்தவர்களால் ஆன ஊர்கள். 2008 தொகுதி மறுசீரமைப்பிலிருந்து தாம்பரம் ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதிக்குள் இருக்கிறது. 2024-இல் அந்தத் தொகுதியின் வாக்குப்பதிவு 60-ஐ ஒட்டி, மாநிலத்தின் சராசரியைவிட ஒன்பது புள்ளி குறைவு. பெயர்களை நீக்கிவிட்டால் அதுவும் உயரும்.

படிவத்தோடு எங்கள் தெருவுக்கு வந்த அங்கன்வாடிப் பணியாளர், இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் பெயர் எந்தப் பாகத்தில் இருந்தது, வரிசை எண் என்ன என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவருக்கே அது பிடிக்காத வேலை. கிளைச் செயலாளரின் மனைவி திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "நான் எங்க இருந்தேன்னு எனக்கு என்னாம்மா தெரியும்? எழுதி வச்சவங்களுக்குத்தானே தெரியணும்" என்றார். பணியாளர் சிரித்துவிட்டு, படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.